காரைக் களிமண்ணும் ஷினோன் திராட்சையும்

பிரெஞ்சு தேசத்து ஒயின் என்றதும், "சிவ சிவா! குடும்பப் பத்திரிகையில் இந்தச் சமாசாரம் எதற்கு?" என்று முகத்தைச் சுளிக்காதீர்கள், அம்மணி! உங்களைக் குடிக்கச் சொல்லப் போவதில்லை. அந்த ஒயினுக்கும் நம் பெரம்பலூர், அரியலூர் மண்ணுக்கும் ஒரு பழைய உறவு உண்டு. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

பிரான்ஸில் லுவார் நதியின் உபநதியான வியென் கரையில் ஷினோன் என்று ஓர் ஊர். 1429-ல் ஜோன் ஆஃப் ஆர்க் என்ற இளம்பெண் வந்து, முடிசூடக் காத்திருந்த ஏழாம் சார்லஸைச் சந்தித்தாளே, அதே ஊர்தான். அங்கே விளையும் கபர்னே பிரான் என்ற கறுப்புத் திராட்சையிலிருந்து சிவப்பு ஒயின் செய்கிறார்கள். பெரும்பாலும் படாடோபம் இல்லாத, சாப்பாட்டோடு சேரும் இலேசான ரகம். ராஸ்ப்பெரிப் பழமும் வயலட் பூவும் கலந்தாற்போல் மணக்கும் என்பார்கள்.

கொடி ஒன்றுதான். ஆற்றோர மணலில் வளர்ந்தால் ஒயின் மென்மையாக இருக்கும், சீக்கிரமே குடித்துவிடலாம். சுண்ணாம்புச் சரிவில் வளர்ந்தாலோ அழுத்தமாக இருக்கும். சில வருஷங்கள் காத்திருக்க வேண்டும். ஊருக்கு ஊர் கத்தரிக்காயின் ருசி மாறுவதை அறிந்த உங்களுக்கு இதை விளக்கவும் வேண்டுமா?

அந்தச் சுண்ணாம்புக் கல்லுக்குத் தூஃபோ என்று பெயர். சுமார் 9 கோடி வருஷங்களுக்கு முன் கடலடியில் படிந்தது. ஷினோன் இருக்கும் தூரேன் பிரதேசத்தின் பெயரை வைத்தே, 1842-ல் அல்சிட் தோர்பிஞி என்ற பிரெஞ்சு அறிஞர் அந்தக் காலத்துக்குத் 'தூரோனியன்' என்று பெயரிட்டார். உலகில் எங்கே அந்தக் காலத்துப் பாறை கிடைத்தாலும் இதே பெயர்தான்.

நம் பெரம்பலூர் மாவட்டத்துக் காரைக் களிமண்ணின் மேலடுக்குகளுக்கும் அதே வயது! சாளக்கிராமத்தில் சுருள் சுருளாகத் தெரியுமே, அந்த அம்மோனைட் இனத்துப் பிராணிகள் அங்கே கல்லாகிக் கிடக்கின்றன. அரியலூர்ப் பக்கம் கல்லங்குறிச்சியின் சிப்பிப் பாறை சற்று இளையது. வயது சுமார் 7 கோடி வருஷம்.

ஷினோனிலும் கல்லை வெட்டத்தான் வெட்டினார்கள். கோட்டையும் மாளிகையும் கட்டினார்கள். ஆனால் வெட்டிய குகைகளையே ஒயின் காக்கும் குளிர்ந்த அறைகளாக்கிக் கொண்டார்கள். ஒயினின் பெயரையும் அது விளையும் எல்லையையும் 1937 முதல் சட்டம் காக்கிறது. நம் அரியலூர்க் கல் சிமெண்டாகிறது. அதுவும் வேண்டியதுதான்; நாம் குடியிருக்கும் வீடே சிமெண்டால் ஆனதல்லவா? ஆனால் சூளைக்குப் போன சிப்பி திரும்பி வராது. எதை வெட்டலாம், எதை விட்டுவைக்க வேண்டும் என்ற கணக்கு நமக்கும் வேண்டாமா?

ஒன்றை விட்டுவைத்திருக்கிறோம். 1940-ல் டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்து சொன்ன சாத்தனூர்க் கல்மரம், 18 மீட்டர் நீளம், பூங்காவாகப் பாதுகாக்கப்படுகிறது.

அடுத்த முறை சிறுவாச்சூர் மதுரகாளியம்மனைத் தரிசிக்கப் போனால், குழந்தைகளுக்குச் சாத்தனூரையும் காட்டி வாருங்கள். காரையில் கல் சுருள் ஏதும் கண்ணில் பட்டால், பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிடுங்கள். நாளை வரும் குழந்தையும் பார்க்க வேண்டாமா?