வெண்ணெய் போன வழி

தாழி உடைந்து வெண்ணெய் போன கதை நமக்குத் தெரியும். தாழி உடையாமலே வெண்ணெய் போன கதைகள் அயர்லாந்தில் ஏராளம்!

அந்தக் காலத்தில் அங்கே கிராமத்து வீட்டில் வெண்ணெய் கடையும்போது யாராவது நுழைந்தால், 'கடவுள் இந்த வேலையை ஆசீர்வதிக்கட்டும்' என்று சொல்லி, மத்தை வாங்கி நாலு இடி இடித்துவிட்டுத்தான் போகவேண்டும். சும்மா வேடிக்கை பார்த்துவிட்டுக் கிளம்பினால் வெண்ணெயும் கூடவே கிளம்பிவிடுமாம். விருந்தாளியிடம் வேலை வாங்க என்ன நாசூக்கான வழி பாருங்கள்!

மே 1-ம் தேதி இன்னும் கெடுபிடி. பால், உப்பு, அடுப்பு நெருப்பு எதுவும் வாசல் தாண்டக் கூடாது. தாண்டினால் வருஷம் பூரா வெண்ணெய் திரளாது.

1937 முதல் 1939 வரை சுமார் 50 ஆயிரம் பள்ளிப் பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, இப்படிப்பட்ட சங்கதிகளை நோட்டில் எழுதினார்கள். அவை டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் பத்திரமாக இருக்கின்றன.

சிரிப்பு வருகிறதா? எனக்கும் வந்தது. அப்புறம் பி.காம். படித்த புத்தி கணக்குப் போட்டது. பல குடியானவர்களுக்கு வெண்ணெய் விற்ற காசில்தான் குத்தகை. பாக்கி விழுந்தால் வீடும் நிலமும் போகும். பாலேடு ரொம்ப ஜில்லென்று இருந்தாலும் வெண்ணெய் சரியாகத் திரளாது, சூடாக இருந்தாலும் திரளாது. தெர்மாமீட்டர் இல்லாத வீட்டில் இதை யார் கண்டார்கள்?

பழி, மே முதல் தேதி நெருப்புக் கேட்டு வந்த ஏழைக் கிழவி தலையில்! அவள்தான் முயலாக மாறி மாட்டின் மடியில் பால் குடித்தாள் என்பார்கள்.

பாவம், அவள் வீட்டு அடுப்பு அணைந்திருக்கும். அவ்வளவுதான்.