சைடு ஸ்டெப்பா, ராக் ரெயிலா? ஓசூர் எஸ்யூவி ஓனர்கள் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஓசூர் சிப்காட் சாலைகளைக் கவனித்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். பைக்குகளுக்கும் கம்பெனி பஸ்களுக்கும் நடுவே நிற்கும் தார், ஜிம்னி, கூர்க்கா வண்டிகள் பலவற்றில் கதவுக்குக் கீழே ஒரு இரும்புக் குழாய் ஓடும். சிலவற்றில் அது ஏறி இறங்கும் படி. சிலவற்றில் பாறையில் வண்டி உரசாமல் காக்கும் கவசம். இன்னும் சிலவற்றில் இரண்டுமே இல்லை, சும்மா கெத்துக்கு மாட்டியது.

பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் இவை செய்யும் வேலை வேறு வேறு. தவறானதை மாட்டினால் காசு மட்டும் வீணாவதில்லை. கதவு, சேஸிஸ், இன்ஷூரன்ஸ் மூன்றிலும் சிக்கல் வரலாம்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

சைடு ஸ்டெப் என்பது மனிதர்களின் எடையைத் தாங்கும் படி. உயரமான வண்டியில் குழந்தைகளும் முழங்கால் வலி உள்ள பெரியவர்களும் ஏறி இறங்க உதவும். கால் வைக்க வசதியாக இருக்க வேண்டும் என்பதால் பாடியை விட்டு வெளியே நீட்டியும், கொஞ்சம் கீழே இறங்கியும் இருக்கும்.

ராக் ரெயில் என்பது வண்டியின் எடையைத் தாங்கும் கவசம். கனமான இரும்புக் குழாயை சேஸிஸோடு நேரடியாகப் பிணைத்திருப்பார்கள். பாறை மேல் வண்டி சறுக்கும்போது கதவுக்குக் கீழே இருக்கும் தகடு நசுங்காமல் ரெயில் அடியை வாங்கிக்கொள்ளும். தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. அதனாலேயே படியாகப் பயன்படுத்த அது அவ்வளவு வசதிப்படாது.

எளிய சோதனை ஒன்று உண்டு. வாங்கும் முன் கடைக்காரரிடம், "இதுக்கு அடியில ஜாக் வச்சு வண்டியைத் தூக்கலாமா?" என்று கேளுங்கள். தயங்கினால் அது ராக் ரெயில் இல்லை. ராக் ரெயில் மாதிரி தெரியும் படி.

படி மாட்டினால் கிளியரன்ஸ் குறையுமா?

குறையும். எவ்வளவு என்பதுதான் கேள்வி.

ஆஃப்-ரோடில் கிரவுண்ட் கிளியரன்ஸ் மட்டும் பார்த்தால் போதாது. ரேம்ப்-ஓவர் ஆங்கிள் என்று ஒன்று இருக்கிறது. ஒரு மேட்டைக் கடக்கும்போது, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் வண்டியின் வயிறு தட்டாமல் தாண்டக்கூடிய அதிகபட்சக் கோணம் அது. மூன்று கதவு தாரில் இது சுமார் 27 டிகிரி. வீல்பேஸ் 2,850 மி.மீ. ஆக நீண்ட தார் ராக்ஸில் சுமார் 24 டிகிரி. ஐந்து கதவு ஜிம்னியிலும் 24 டிகிரிதான். வண்டி நீளமாக ஆக, நடுப்பகுதி தட்டும் வாய்ப்பு கூடும்.

சைடு ஸ்டெப் தொங்குவது சரியாக அந்த நடுப்பகுதியில்தான். 2,450 மி.மீ. வீல்பேஸ் உள்ள தாரில், பக்கவாட்டின் மிகத் தாழ்வான புள்ளி வெறும் 50 மி.மீ. கீழே இறங்கினால்கூட அந்தப் பக்கத்தில் கோணம் 4 முதல் 5 டிகிரி வரை குறையும். ஓசூர் - கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் இது தெரியவே தெரியாது. மழையில் அரித்த மண்பாதையிலோ கல்குவாரி வழியிலோ முதலில் தட்டுவது அந்தப் படிதான்.

தட்டினால் என்ன ஆகும்? மெல்லிய பிராக்கெட்டில் நிற்கும் படி மேல்நோக்கி மடங்கி, கதவின் அடித்தகட்டைக் குத்தும். படி மட்டும் இருந்து அடி வாங்கினால் செலவு படியோடு முடியலாம். படி பாடியைக் குத்தினால் கதவே சரியாகத் திறக்காமல் போகலாம். தப்பான படியைவிட எதுவும் மாட்டாத வண்டியே மேல் என்று சொல்வது இதனால்தான்.

எல்லா எஸ்யூவியிலும் ராக் ரெயில் மாட்டலாமா?

முடியாது. தார், ஜிம்னி, கூர்க்கா ஆகியவை ஏணி போன்ற தனி சேஸிஸ் மேல் பாடியை உட்கார வைத்த வண்டிகள். ரெயிலைப் பிணைக்க உறுதியான இரும்புச் சட்டம் அங்கே இருக்கிறது. க்ரெட்டா, பிரெஸ்ஸா, நெக்ஸான் போன்றவை மோனோகாக். பாடியே சேஸிஸ். இவற்றில் ரெயில் என்று விற்கப்படுவது தகட்டில் போல்ட் போட்ட குழாய்தான். பாறையில் மோதினால் அந்த அடி நேராக பாடிக்குள் போகும்.

ஓசூரில் இன்னொரு கவர்ச்சியும் உண்டு. தொழிற்பேட்டை ஊர் என்பதால் நல்ல வெல்டரும் லேத் பட்டறையும் தேடி அலைய வேண்டியதில்லை. "குழாய் வாங்கிட்டு வாங்க, ரெண்டு மணி நேரத்துல அடிச்சுத் தர்றேன்" என்று சொல்ல ஆள் கிடைக்கும். ஆனால் சேஸிஸில் நேரடியாக வெல்டிங் வைப்பது வேறு விஷயம். அந்த வெப்பம் இரும்பின் பலத்தைக் குறைக்கலாம். பிரேக் லைனும் ஃப்யூயல் லைனும் சேஸிஸை ஒட்டியே ஓடுகின்றன. நிறுவனத்தின் வாரன்டியும் கேள்விக்குறியாகும். சேஸிஸில் ஏற்கெனவே உள்ள துளைகளில் போல்ட் போட்டு மாட்டும் வகைதான் பாதுகாப்பானது.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் நிறுவனம் குறிப்பிட்ட அசல் விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு நடந்த சட்டத் திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு ரூ.5,000 அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

அப்படியானால் சைடு ஸ்டெப் குற்றமா? 52-வது பிரிவின் விளக்கத்தில் "மாற்றம்" என்பதற்கு ஒரு வரையறை இருக்கிறது: வண்டியின் கட்டமைப்பை மாற்றி, அதன் அடிப்படைத் தன்மையையே மாற்றுவது. நிறுவனமே தரும் படி இதில் அடங்குவது கடினம். சேஸிஸில் வெல்டிங் வைத்து, பாடிக்கு வெளியே நீட்டிய கனமான குழாய் என்றால் அதிகாரி கேள்வி கேட்க இடம் உண்டு. ஆர்.சி.யில் வண்டியின் எடையும் பதிவாகியிருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

முன்புற பம்பர் கார்டு கதை இதற்கு ஒரு பாடம். 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கிராஷ் கார்டு, புல் பார்களுக்கு எதிராக நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. பாதசாரிகளுக்கும் வண்டிக்குள் இருப்பவர்களுக்கும் ஆபத்து என்பதே காரணம். பக்கவாட்டில் நீட்டிய கூர்மையான முனைக்கும் அதே தர்க்கம் பொருந்தும். சிப்காட் நெரிசலில் எஸ்யூவியை ஒட்டிப் போகும் பைக்காரரின் கால் இருப்பது சரியாக அந்த உயரத்தில்தான்.

டிஎன் 70 வண்டி அத்திப்பள்ளியைத் தாண்டினாலும், கேஏ வண்டி ஜூஜூவாடிக்குள் வந்தாலும் இந்தச் சட்டம் ஒன்றுதான். இது மத்தியச் சட்டம். மாட்டியதை இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடம் எழுத்துப்பூர்வமாகத் தெரிவித்துவிடுவதும் நல்லது. மறைத்த மாற்றம், விபத்துக்குப் பிறகு கிளெய்ம் நேரத்தில்தான் வெளியே வரும்.

ரெயில் மாட்டி எங்கே ஓட்டுவது?

பலர் யோசிக்காத கேள்வி இது. தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் கரடுமுரடான பாதைகள் நிறைய இருக்கின்றன. ஆனால் அவற்றில் பல காப்புக்காடு. யானைகள் நடமாடும் வழி. காவிரி வடக்கு சரணாலயம் 2014-லும், சுமார் 686 சதுர கி.மீ. பரப்புள்ள காவிரி தெற்கு சரணாலயம் 2022-லும் அறிவிக்கப்பட்டன. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். ஆக, சட்டப்படி ஆஃப்-ரோடு ஓட்ட சொந்த நிலம், நிலக்காரர் அனுமதி தந்த இடம், தனியார் பயிற்சித் தளம் ஆகியவைதான் மிச்சம்.

அப்போ எதை வாங்கலாம்?

* ஆபீஸ், அப்பார்ட்மென்ட், வார இறுதியில் ஊர்: சைடு ஸ்டெப் போதும். நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட படியாகப் பாருங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களை ஒருமுறை ஏறி இறங்கச் சொல்லிவிட்டு வாங்குங்கள்.
* தோட்டம், மண்பாதை, எப்போதாவது கல்: பாடியை ஒட்டி, அதிகம் கீழே இறங்காத படி.
* மாதம் ஒருமுறையாவது பாறைத் தடம்: சேஸிஸில் போல்ட் போடும் ராக் ரெயில். மேலே தட்டையான கால்தகடு உள்ள வகை என்றால் ஓரளவு படியாகவும் உதவும். ஜோடி 30 கிலோவைத் தாண்டுவது சகஜம் என்பதால் மைலேஜ் கொஞ்சம் அடிவாங்கும்.
* எதை மாட்டினாலும்: நிறுவனத்தின் ஜாக் பாயின்ட் மறைகிறதா, சேறு வெளியேற வழி இருக்கிறதா, முனைகள் மழுங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

கடைக்குப் போகும் முன் கடந்த மூன்று மாதம் வண்டி எங்கெல்லாம் போனது என்று ஒரு முறை எண்ணிப் பார்த்தாலே போதும். அந்தப் பட்டியலில் பாறை ஒருமுறைகூட வராமல், முழங்கால் வலியுள்ள அம்மா வாரா வாரம் வருகிறார் என்றால், எதை வாங்குவது என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.