யாருடைய தீர்ப்புக்குக் கைதட்டினோம்?

1992 பொங்கலுக்கு ‘சின்ன கவுண்டர்’ வந்தது. அந்த ஆண்டு தீபாவளிக்குத் ‘தேவர் மகன்’. அடுத்த ஆண்டு ‘எஜமான்’, 1994 தீபாவளிக்கு ‘நாட்டாமை’. கதைகள் வேறு, நாயகர்கள் வேறு. ஆனால் நான்கிலும் ஊர் ஒரு பெரிய வீட்டை அண்ணாந்து பார்த்தபடி நிற்கிறது. அந்த வீட்டு ஆண்மகனுக்கு ஊரை ஆளும் உரிமை பிறப்பிலேயே வந்துவிடுகிறது.

இதே ஆண்டுகளில்தான் ஊராட்சிகள் பற்றிய 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம் நிறைவேறியது. 1994இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. ஊராட்சித் தலைவர் பதவிகளில் ஒரு பங்கு பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் ஒதுக்கப்பட்டது. 1996 தேர்தலில் அது நடைமுறைக்கு வந்தும் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊர்களில் 2006 வரை ஒரு தலித் தலைவர் பதவியில் அமர்ந்து பணியாற்ற முடியவில்லை. மேலவளவில் தலைவராக வென்ற தலித்தான முருகேசன், 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார். அவருடன் சென்ற சிலரும் கொல்லப்பட்டனர்.

அந்தப் படங்கள்தான் இந்தக் கொலைகளைச் செய்தன என்று நாம் சொல்லவில்லை. இட ஒதுக்கீட்டுடன் வாக்குப்பெட்டி ஊருக்குள் நுழையவிருந்த நேரத்தில், மரத்தடிப் பஞ்சாயத்தின் மீது தமிழ்நாடே ஏக்கம் கொண்டிருந்தது என்பதைத்தான் அவை காட்டுகின்றன. படம் பெருமையாகக் காட்டும் சாதியினர் மட்டும் பார்த்திருந்தால் ‘நாட்டாமை’ அவ்வளவு பெரிய வெற்றி பெற்றிருக்காது. எல்லோரும் பார்த்தோம், எல்லோரும் கைதட்டினோம்.

ஒரு சமூகத்தின் மதிப்பீடுகளை அது மேடையில் பேசும் கொள்கைகளைக் கொண்டு மட்டும் அளக்க முடியாது. எந்தக் காட்சியில் அதற்கு உறுத்தவே இல்லை என்று பார்க்க வேண்டும். வல்லுறவு செய்தவனுக்கே அந்தப் பெண்ணைக் கட்டிவைக்கும் தீர்ப்பு ‘நாட்டாமை’யில் அறமாக நின்றது. ஒரு குடும்பத்தைப் பதினெட்டு ஆண்டுகள் ஊரைவிட்டுத் தள்ளிவைத்தது நேர்மைக்குச் சான்றானது. இந்தப் படங்களின் ஊர்களில் சேரி எங்கே இருக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்?

‘தேவர் மகன்’ படத்தில் பெரிய வீட்டு ஏவலாளாக நடித்த வடிவேலு, 31 ஆண்டுகள் கழித்து மாரி செல்வராஜின் ‘மாமன்னன்’ படத்தில் தனித்தொகுதிச் சட்டமன்ற உறுப்பினராக வந்தார். அவர் நாற்காலியில் உட்காரலாமா என்பதே அந்தப் படத்தின் போராட்டம். அது மிகை என்று நினைப்பவர்கள் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையை நினைத்துப் பார்க்க வேண்டும். அங்கே ஊராட்சித் தலைவரான தலித் பெண் கூட்டத்தில் தரையில் உட்காரவைக்கப்பட்ட செய்தி வெளியானது 2020இல்தான்.

இவ்வளவையும் காட்டும் வணிக சினிமாவைப் பொருட்படுத்தாமல் ஒதுக்குவதைச் சிற்றிதழ்கள் நெடுங்காலம் ஒரு தகுதியாகவே கருதிவந்தன. அந்தச் சினிமாவைச் சமூக நோக்கில் ஆராய்ந்து கா. சிவத்தம்பியும் தியடோர் பாஸ்கரனும் எம்.எஸ்.எஸ். பாண்டியனும் காட்டிய வழியில் நடந்தவர்கள் குறைவு. நல்ல படமா, மோசமான படமா என்று தீர்ப்புச் சொல்வதோடு விமர்சனம் முடிந்துவிடக் கூடாது. யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் நிற்கிறார்கள், யாருடைய வீட்டுக்குள் கேமரா போகவே இல்லை என்று கேட்க வேண்டும். முப்பது ஆண்டுகள் கழித்துப் பழைய படங்களிடம் இதைக் கேட்பது எளிது. இந்த வாரம் அரங்கு நிறைந்து ஓடும் படத்திடமும், இன்றிரவு வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்க்கப்போகும் தொடரிடமும் கேட்பதுதான் கடினம். அதையே எழுதுங்கள் என்று நம் எழுத்தாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.