பணம் இருக்கிறது, வழியில் நாம் நிற்கிறோம்

தமிழ்நாட்டில் பிரசவங்கள் ஏறக்குறைய முழுவதும் மருத்துவமனையில்தான் நடக்கின்றன என்று மேடைக்கு மேடை பெருமை பேசுகிறோம். பொய்யில்லை. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வு 99.6 சதவீதம் என்கிறது. ஆனால் அது பிரசவ அறை வாசலில் எடுத்த கணக்கு. அதற்கு முந்தைய மாதங்களில், எதிர்பாராமல் உண்டாகிவிட்ட ஒருத்தி கையில் காசில்லாமல் எங்கெல்லாம் அலைந்தாள், யாரிடமெல்லாம் வாய் திறக்க முடியாமல் திரும்பினாள் என்று அறிய ஆய்வு எதுவும் தேவையில்லை. அவள் திரும்பிப் போனது நம் வாசலிலிருந்துதான். அடுத்த வீட்டு அக்கா, சங்கத்துத் தலைவி, வேலைக்கு வைத்திருக்கும் வீட்டம்மா, பத்திரிகையில் எழுதுகிறவர், அதைப் படிக்கிறவர் என எல்லோரும் சேர்ந்த நாம்.

உதவி இல்லாமல் இல்லை. 1987-இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் 2006-இல் 6,000 ரூபாயாகவும், 2011-இல் 12,000 ஆகவும், 2018-இல் 18,000 ஆகவும் உயர்ந்தது. அதில் 14,000 ரொக்கம்; மீதி 4,000-க்கு ஊட்டச்சத்துப் பெட்டகம் இரண்டு. அரசு மருத்துவமனைக்கு வரும் எந்தக் கர்ப்பிணிக்கும் 2011 முதல் பிரசவம், சிசேரியன், மருந்து, பரிசோதனை, ரத்தம், அங்கே இருக்கும் நாட்களின் சாப்பாடு, வீட்டில் கொண்டுவிடும் வண்டி எல்லாம் இலவசம். அங்கன்வாடியில் சத்துமாவு கிடைக்கிறது. 2013-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் கர்ப்பிணிக்கு 6,000 ரூபாய்க்குக் குறையாமல் கொடுக்கச் சொல்கிறது. கல்யாணமானவளுக்கு மட்டும் என்று அதில் எழுதியிருக்கவில்லை.

இவற்றில் பலவற்றுக்கும் முதல் படி, கிராம சுகாதார செவிலியரிடம் பெயரைப் பதிந்து ‘பிக்மி’ எண் வாங்குவது. அதுவும் 12 வாரத்துக்குள். இங்கேதான் நம் பங்கு வருகிறது. பிள்ளைக்காகக் காத்திருப்பவள் நாள் தள்ளிப்போன வாரமே சோதித்துப் பார்த்துவிடுகிறாள். எதிர்பாராதவளோ முதல் மாதம் உடம்புச் சூடு என்று நினைக்கிறாள். இரண்டாம் மாதம் பப்பாளியும் எள்ளும் தின்று பார்க்கிறாள். மூன்றாம் மாதம் மெடிக்கலில் பெயர் தெரியாத மாத்திரையை வாங்கி விழுங்குகிறாள். வாந்தியையும் வெளுத்த முகத்தையும் பக்கத்தில் இருக்கும் நாம் பார்க்காமல் இல்லை. பார்த்துவிட்டு நமக்குள் பேசிக்கொள்கிறோம், அவளிடம் பேசுவதில்லை. நம் கிசுகிசு தெருவைச் சுற்றி முடிப்பதற்குள் அந்த 12 வாரம் ஓடிவிடுகிறது.

செவ்வாய்க்கிழமை காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். கர்ப்பிணிகள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். கூட மாமியாரோ அம்மாவோ. மடியில் ஆதார் நகலும் பாஸ்புக்கும். தனியாக வந்தவள் பெஞ்சின் ஓரத்தில் ஒண்டியிருப்பாள். “வீட்டுக்காரர் பேரு?” என்று மேசையிலிருந்து கேட்கிறார்கள். அவளுக்குக் குரல் எழும்பவில்லை. “சத்தமா சொல்லும்மா.” செவிலியர் கேட்டது படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்ப. பெஞ்சில் இருந்த அத்தனை தலையும் திரும்பியதற்கு அப்படி ஒரு காரணமும் கிடையாது. அடுத்த செவ்வாய் அவள் வரமாட்டாள். நாம் படிவத்தின் மேல் பழியைப் போட்டுவிடுவோம்.

விதிகள்கூட இளகிவிட்டன. பிரதமரின் மாத்ரு வந்தனா திட்டத்தில் கணவரின் ஆதார் முன்பு கட்டாயமாக இருந்தது. 2022-இல் மாற்றிய விதிகளில் அந்தக் கட்டாயம் போய்விட்டது. மணமாகாத தாய் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தால் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2015-இலேயே சொல்லிவிட்டது. இதைத் தெரிந்துகொண்டு, மேசைப் பக்கத்தில் நின்று, “இவங்களுக்கு அது தேவையில்லை, சிஸ்டர்” என்று சொல்ல ஓர் ஆள் இருந்தால் போதும். கோயில் கொடைக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் வண்டி பிடித்துப் போன நாம் இதற்கு ஒரு காலைப் பொழுதை ஒதுக்கியதில்லை.

யார் பெயரில் அந்தப் பணத்தைக் கொடுக்கிறோம் என்பதாவது உறைத்திருக்க வேண்டும். முத்துலட்சுமியின் தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் பிறந்தவர். பொட்டுக்கட்டும் வழக்கத்திலிருந்து தப்பி வந்த சிறுமிகளுக்கு விடுதிகளில் இடம் கிடைக்காதபோது முத்துலட்சுமி தம் வீட்டிலேயே சேர்த்துக்கொண்டார். 1930-இல் அவ்வை இல்லம் பிறந்தது அப்படித்தான். குலம் கோத்திரம் கேட்காமல் கதவைத் திறந்தவர் பெயரில் பணத்தை வைத்துவிட்டு, அதை வாங்க வருகிறவளிடம் முதலில் குலத்தை விசாரிக்கிறோம்.

எதிர்பாராத கர்ப்பம் என்றதும் கல்யாணமாகாத பெண்ணையே நினைத்துக்கொள்வதும் நம் குறைதான். இரண்டு பிள்ளைக்குப் பிறகு, காப்பர்-டி நழுவியோ மாத்திரை விட்டுப்போயோ மூன்றாவதாக உண்டானவளும் இந்தக் கணக்கில் உண்டு. மாநிலத் திட்டம் இரண்டு பிரசவத்தோடு நின்றுவிடுகிறது. மத்தியத் திட்டத்தில் முதல் குழந்தைக்கு 5,000, இரண்டாவது பெண்ணாகப் பிறந்தால் மட்டும் 6,000, அதோடு சரி. 19 வயது நிரம்பாதவளுக்கும் மாநிலத் திட்டத்தில் இடமில்லை. மூன்றாவது பிள்ளைக்காரியும் சின்னப் பெண்ணும்தான் ரத்தசோகையோடு வந்து நிற்பவர்கள். “இவங்களுக்கும் கொடுத்தா அளவு ஏது?” என்று அந்த விதிக்கு ஒத்து ஊதினோம். கிராம சபையில் சாலைக்கும் தெருவிளக்குக்கும் எழுந்து பேசிய நாம் இதற்காக ஒரு தடவைகூட எழுந்ததில்லை.

நம் அடுக்களைக்குள்ளேயே வருவோம். பாத்திரம் தேய்ப்பவள் மெல்லச் சொல்கிறாள், “அக்கா, நாள் தள்ளிப்போச்சு.” நமக்கு வரும் முதல் யோசனை, மாற்றுக்கு யார் கிடைப்பார் என்பது. மகப்பேறு நலச் சட்டத்தை 2017-இல் திருத்தி 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு தந்தபோது ஆபீஸ் போகும் நம் மகள்கள் அனுபவித்தார்கள். வீட்டு வேலை செய்பவளுக்கு அந்தச் சட்டம் எட்டவில்லை. அவர்களுக்கென 2007-இல் தமிழ்நாடு நல வாரியம் அமைத்தது. பதிந்த உறுப்பினருக்கு மகப்பேறு உதவி உண்டு. வருடக்கணக்காக நம் வீட்டுக்கு வருபவள் அதில் உறுப்பினரா என்று நாம் கேட்டதே இல்லை. தீபாவளிக்குப் புடவை கொடுத்தது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

சங்கத்திலும் இதே கதை. கறவை மாட்டுக்கு உள்கடன் கேட்டவளுக்கு உடனே கையெழுத்துப் போட்டோம். ஸ்கேனுக்கு ஆயிரம் ரூபாய் கேட்டவளிடம் எல்லோர் முன்னாலும், “என்ன ஸ்கேன்?” என்றோம். அவள் காதில் கிடந்த கம்மல் அடகுக்கடைக்குப் போனது.

எழுதுகிறவர்களும் தப்ப முடியாது. முட்புதரில் சிசு கிடந்தால் ‘கல்நெஞ்சத் தாய்’ என்று தலைப்புப் போடுகிறோம். அந்தச் செய்தியின் கடைசி வரியாக 181 என்ற பெண்கள் உதவி எண்ணைச் சேர்ப்பதில்லை. 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை விழா மலரோடு மறந்துவிட்டோம்.

செய்ய வேண்டியது மலையைப் புரட்டும் வேலை அல்ல. ஒருத்தி நம்பி வாய் திறந்தால், “யாருடி அவன்?” என்பதை விழுங்கிக்கொண்டு, “எத்தனை வாரம்?” என்று கேட்க வேண்டும். 12-க்குள் என்றால் மறுநாளே செவிலியரிடம் கூட்டிப்போய்ப் பதியலாம். அவள் பெயரிலேயே வங்கிக் கணக்குத் தொடங்கிக் கொடுக்கலாம். வேண்டாம் என்று அவள் முடிவெடுத்தால், 20 வாரம் வரை ஒரு டாக்டரின் ஒப்புதலோடு அரசு மருத்துவமனையிலேயே கருக்கலைப்புக்கு வழி உண்டு. 18 வயது நிரம்பியவளுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும். கணவன் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை. சட்டம் குறிப்பிடும் சில நிலைகளில் 24 வாரம் வரை போகலாம். அதில் மணமாகாதவளுக்கும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்தது. பெற்றெடுத்து வளர்க்க முடியாதவள் குழந்தைகள் நலக் குழுவிடம் குழந்தையை முறைப்படி ஒப்படைக்கலாம். மறுபடி யோசிக்க இரண்டு மாதம் அவகாசம் இருக்கிறது.

எந்த வாரத்தில் வந்தாலும் அவளுக்கென்று ஒரு வழி மிச்சம் இருக்கிறது. நாம் வாய் மூடியிருந்த வாரங்களில்தான் மற்ற வழிகள் ஒவ்வொன்றாகக் கைநழுவிப் போயின. சட்டமும் நிதியும் வந்து சேர்ந்த பிறகும் அவள் அடகுக்கடைக்குப் போனாள் என்றால், அந்த வட்டியில் நமக்கும் பங்கு உண்டு.