கையெழுத்தும் தலையெழுத்தும்

"கையெழுத்து நன்றாக இருப்பவனுக்குத் தலையெழுத்து நன்றாக இராது" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. கோழி கிளறியதுபோல் எழுதும் பிள்ளைக்கு ஆறுதல் சொல்லப் பிறந்த வாக்காக இருக்கலாம். ஆனால் இன்று நம் தொடக்கப் பள்ளிகளில் நடப்பதைக் காணும்போது அதை வேறுவிதமாகச் சொல்லத் தோன்றுகிறது: ஏழு வயதுக் குழந்தையின் கையெழுத்தைப் பார்த்தே அதன் தலையெழுத்தை நாம் எழுதி முடித்துவிடுகிறோம்.

உறவினர் வீடொன்றில் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்க்க நேர்ந்தது. பன்னிரண்டு கழித்தல் கணக்குகள், பன்னிரண்டும் சரி. ஆயினும் பக்கத்தின் குறுக்கே மூலைக்கு மூலை ஒரு சிவப்புக் கோடு. அடியில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருந்தது. தாய்க்கு ஆங்கிலம் தெரியாது. அடுத்த வீட்டுக் கல்லூரி மாணவியிடம் காட்டியிருக்கிறார். அவளுக்கும் அது விளங்கவில்லை. மறுநாள் பள்ளிக்கே சென்று கேட்டபோதுதான் அது "தெளிவாக எழுது" என்னும் அறிவுரை என்று தெரிந்ததாம்! அதற்கடுத்த வாரம் இரண்டு தாள்கள் வகுப்பார் முன்னிலையில் கிழிக்கப்பட்டன. தைத்த நோட்டில் ஒரு தாளைக் கிழித்தால் அதன் இணைத்தாளும் தையலை விட்டுக் கழன்றுவிடும். இப்போது அந்தச் சிறுமி கணக்கு நோட்டை அடிக்கடி வீட்டில் "மறந்து" வைத்துவிட்டுப் போகிறாள்.

இதைச் சொன்னவுடன், ஒழுங்கும் தூய்மையும் வேண்டாம் என்கிறோம் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். கைப்பேசியும் கணினியும் வந்தபின் கையெழுத்து எதற்கு என்று கேட்கும் புதுமைவாதிகளோடும் நமக்கு உடன்பாடில்லை. பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் நம் பிள்ளைகள் அரசுப் பொதுத்தேர்வைக் கையால்தான் எழுதுகிறார்கள். முகம் தெரியாத ஓர் ஆசிரியர், கட்டுக்கட்டாக அடுக்கிய விடைத்தாள்களுக்கு நடுவே அதைப் படித்து மதிப்பெண் இட வேண்டும். படிக்க முடியாததற்கு அவர் எப்படி மதிப்பெண் தருவார்? அன்றியும், பிறர் படிப்பதற்கென்று எழுதிவிட்டு அவரால் படிக்க முடியாதபடி எழுதுவது மரியாதைக் குறைவு. ஆகவே அளவுகோல் வேண்டும். அந்த அளவுகோல் எதை அளக்க வேண்டும் என்பதிலும், அதை எவர் கையில் கொடுப்பது என்பதிலுந்தான் நம் வழக்கு.

தமிழ் எழுத்தை எண்ணிப் பாருங்கள். ஒரு புள்ளி விடுபட்டால் "பல்", "பல" ஆகிவிடும். ணகரத்தில் ஒரு சுழி குறைந்தால் "மணம்" போய் "மனம்" வந்துவிடும். ரகரத்தின் அடியிலுள்ள சாய்வை விட்டுவிட்டால் அது துணைக்காலாகிவிடும். இவை அழகு பற்றியவை அல்ல, பொருள் பற்றியவை. ஓலையில் எழுத்தாணி கொண்டு எழுதிய காலத்தில், ஏடு துளைபடும் என்று புள்ளியிடாமலே எழுதினார்கள். "கொடு" என்பதா, "கோடு" என்பதா என்று இடம் நோக்கித்தான் அறிய வேண்டியிருந்தது. 18ஆம் நூற்றாண்டில் நம் வீரமாமுனிவர் எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வடிவத்தாலேயே வேறுபடுத்தி, கொம்பைச் சுழித்து இரட்டைக் கொம்பாக்கினார் என்பதைத் தமிழ் உலகம் நன்றியோடு நினைக்கிறது. எழுத்தை அலங்கரிக்க வேண்டும் என்பதற்காக அவர் அதைச் செய்யவில்லை. படிப்பவன் இடறக்கூடாது என்பதற்காகச் செய்தார். தொடக்கப் பள்ளியின் கையெழுத்து அளவுகோலுக்கு இதைவிட நல்ல இலக்கணம் நமக்குத் தெரியவில்லை.

(1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவருவதற்கு முன் பள்ளியில் படித்தவர்கள் நம்மில் பலர். துதிக்கை போல் வளைந்த பழைய ணை, லை, ளை, னை ஆகியவற்றைக் கை இன்னும் மறக்கவில்லை. அவசரத்தில் எழுதும்போது அவையே வந்து விழுகின்றன. அதற்காக எவரும் நம் தாளைக் கிழிப்பதில்லை.)

ஆனால் நம் பள்ளிகளில் "நீட்டாக" என்னும் ஒரு சொல்லுக்குள் எவையெல்லாம் அடைபட்டுக் கிடக்கின்றன! எழுத்தின் தெளிவு அதில் ஒரு பங்குதான். பழுப்புத்தாள் அட்டை, பெயர்ச்சீட்டு, மை கசியாத தாள், புது அழிப்பான், தலைப்புக்கு ஒரு நிறம், அடிக்கோட்டுக்கு ஒரு நிறம் என எல்லாமே அதில் அடக்கம். செயல்திட்டம் என்று ஒன்றைக் கொடுத்துவிட்டால், அன்று மாலை ஜெராக்ஸ் கடையில் கூட்டம் நெரிகிறது. படத்தைக் கடைக்காரர் அச்சிட்டுத் தருகிறார், தாய் வெட்டுகிறார், தந்தை ஒட்டுகிறார், அக்காள் எழுதுகிறாள், பிள்ளை தூங்குகிறது. மறுநாள் பிள்ளைக்கு நட்சத்திரம். உப்பளத்துக்கும் கட்டட வேலைக்கும் போய் இருட்டிய பின் திரும்பும் பெற்றோரின் பிள்ளை, ஒற்றை விளக்கின் கீழ்த் தரையில் குப்புறப் படுத்து, இரண்டு விரற்கடை நீளப் பென்சிலால் தானே எழுதிக்கொண்டு வருகிறது. அழிப்பான் இல்லாததால் எச்சில் தொட்டு அழித்த இடம் கறுத்துக் கிடக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்து மதிப்பெண் இட்டால், நாம் குழந்தையின் கையை அளக்கிறோமா, வீட்டின் வசதியை அளக்கிறோமா? ஏழைகளுக்காகவே தொடங்கப்பட்டவை என்று நாம் பெருமை பேசும் பங்குப் பள்ளிகளில் இப்படி நடக்கலாமா?

ஆசிரியர்களின் பாதுகாவலர் என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1950இல் அறிவித்த புனித ஜான் பாப்டிஸ்ட் தெ லசால், பிரான்சு நாட்டு ஏழைப் பிள்ளைகளுக்காகப் பள்ளிகள் நடத்தியவர். அவருடைய சபைச் சகோதரர்களின் பள்ளி நடைமுறை நூல் 1706இல் கையெழுத்துப் படியாக உருவாகி, 1720இல் அச்சேறியது. கையெழுத்துக்கு அதில் மிகுந்த இடம் உண்டு. கையெழுத்து தெரிந்த ஏழைப் பிள்ளைக்கு அக்காலத்தில் எழுத்தர் வேலை கிடைக்கும். அது வாழ்வுக்கு வழி. ஆகவே அவர்கள் கண்டிப்பாகத்தான் இருந்தார்கள். ஆனால் அந்தக் கண்டிப்பின் வடிவத்தைக் கவனிக்க வேண்டும். நன்றாக வாசிக்கத் தெரிந்த பிறகே பிள்ளை எழுதத் தொடங்கும். தொடக்கத்தில் அதன் கையில் பேனா பருமனுள்ள ஒரு குச்சியைக் கொடுப்பார்கள். விரல்கள் அமர வேண்டிய இடங்களைக் காட்ட அதில் மூன்று வெட்டுக்குறிகள் இருக்கும். ஆசிரியர் பிள்ளைகளிடையே சென்று, உட்காரும் முறையையும் பேனா பிடிக்கும் முறையையும் நேரில் திருத்துவார். ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு குச்சியில் மூன்று வெட்டுப் போட்டுக் கொடுக்க நேரம் இருந்தது. நமக்குச் சிவப்புக் கோடு இழுக்க மட்டுமே நேரம் இருக்கிறது.

நாம் செய்வது இதற்கு நேர்மாறு. நான்கு வயதுப் பிள்ளை எல்.கே.ஜி.யில் நான்கு கோடு நோட்டில் ஆங்கில எழுத்தை நிறைக்க வேண்டும். ஐந்து வயதில் கூட்டெழுத்து. மணிக்கட்டின் சிற்றெலும்புகள் இறுகி முடிய இன்னும் பல ஆண்டுகள் ஆகும் என்பதை எந்தப் பெற்றோரும் கேட்பதில்லை. அடுத்த பள்ளியில் எழுதுகிறார்களே என்பதுதான் கேள்வி. காந்தியடிகள் தம் கையெழுத்து மோசமானதற்காக வாழ்நாள் முழுதும் வருந்தியவர். தென்னாப்பிரிக்காவில் இளைஞர்களின் அழகிய எழுத்தைக் கண்டு வெட்கப்பட்டதைச் சத்திய சோதனையில் எழுதியிருக்கிறார். அதே இடத்தில் அவர் சொல்லும் வழி என்ன? பிள்ளைகளுக்கு முதலில் சித்திரம் வரையக் கற்றுக்கொடுங்கள். பூவையும் பறவையையும் பார்த்து வரைந்த கை பிறகு எழுத்தையும் பார்த்து வரையும் என்பதே. நம் பள்ளிகளில் ஓவிய வகுப்பு எத்தனை நாள் கணக்கு வகுப்பாக மாறுகிறது என்பதைப் பிள்ளைகளைக் கேட்டால் தெரியும்.

இடக்கைப் பிள்ளைகளைப் பற்றித் தனியே எழுத வேண்டும். இடக்கையால் எழுதுவதைக் குற்றமாகக் கருதி அடித்து மாற்றும் வழக்கம் ஓய்ந்துவிட்டது என்று சொல்ல நமக்குத் துணிவில்லை. இடமிருந்து வலமாக எழுதும்போது அவர்கள் கை எழுதிய மையின் மேலேயே நகரும். தாள் கறைபடத்தான் செய்யும். தாளைச் சற்று வலப்பக்கம் சாய்த்து வைக்கச் சொல்லிக் கொடுத்தால் பாதித் தொல்லை தீரும். சொல்லிக் கொடுக்கிறோமா?

நம் ஆசிரியப் பெருமக்கள் இதைப் படித்துவிட்டுக் கோபப்படலாம். அவர்கள் கோபத்திலும் நியாயம் உண்டு. ஐந்து வகுப்புகளுக்கு இரண்டே ஆசிரியர்கள் உள்ள சிற்றூர்ப் பள்ளிகளை நாம் அறிவோம். பெருந்தொற்றுக் காலத்தில் 2020 மார்ச்சு முதல் மூடிய வகுப்பறைகள் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1ஆம் நாள்தான் திறந்தன. பென்சில் பிடிக்கப் பழக வேண்டிய வயதைப் பல பிள்ளைகள் வீட்டிலேயே கழித்துவிட்டன. அந்தச் சுமை முழுதும் ஆசிரியர்மீது விழுந்தது. இதை மறுக்கவில்லை. ஆனால் நாற்பது நோட்டுகளில் சிவப்பு மை கொட்டும் நேரத்தில், நாள்தோறும் பத்து நிமிடம் கரும்பலகையில் ஓர் எழுத்தை மெதுவாக எழுதிக் காட்டலாம். எங்கே தொடங்கி எப்படிச் சுழித்து எங்கே முடிப்பது என்று விரலால் காற்றில் வரையச் சொல்லலாம். நான்கைந்து பிள்ளைகளின் பக்கத்தில் நின்று பார்க்கலாம். ஒரு வாரத்தில் வகுப்பின் பெரும்பகுதியைச் சுற்றி வந்துவிடலாம். தாளைக் கிழிப்பதைப் பொறுத்தவரை விவாதத்துக்கே இடமில்லை. உடல் தண்டனையோடு மனத் துன்பம் தருவதையும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் தடை செய்கிறது.

பெற்றோராகிய நாம் மட்டும் குற்றமற்றவர்களா? பக்கத்து வீட்டுப் பிள்ளையின் நோட்டைக் காட்டித் தன் பிள்ளையைத் தலையில் குட்டும் தாயும், வீட்டுப்பாடம் குறைந்தால் பள்ளி தரம் தாழ்ந்தது என்று மாற்றுச் சான்றிதழ் கேட்கும் தந்தையும் நம்மிடையேதான் இருக்கிறார்கள். நம் கண்ணுக்குக் காட்டத்தான் பள்ளிகள் நோட்டை அலங்கரிக்கின்றன.

வரும் சூனில் பள்ளி திறக்கும்போது, ஒவ்வொரு பங்குப் பள்ளியின் ஆசிரியர்களும் ஒருமுறை கூடி உட்கார்ந்து, வகுப்புவாரியாக அரைத்தாளில் அடங்கும் அளவுகோலைத் தமிழில் எழுதட்டும். இரண்டாம் வகுப்பில் எழுத்து கோட்டின்மேல் அமர வேண்டும், சொல்லுக்குச் சொல் இடைவெளி வேண்டும். மூன்றாம் வகுப்பில் புள்ளியும் கொம்பும் சுழியும் தவறாமல் இருக்க வேண்டும். பிழையை ஒரே கோட்டால் அடித்துப் பக்கத்தில் திருத்தி எழுதலாம், அது குற்றமல்ல. கணக்குச் சரியென்றால் கணக்குக்கு முழு மதிப்பெண். கையெழுத்துக்குத் தனிக் குறிப்பு. அட்டைக்கும் வண்ணத்துக்கும் மதிப்பெண்ணே இல்லை. பெற்றோர் கூட்டத்தில் அதை உரக்கப் படித்துக் காட்டட்டும், எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கும் விளங்கும்படி. ஆசிரியர் நோட்டில் எழுதும் குறிப்பும் அதே அளவுகோலுக்கு உட்பட்டது என்பதையும் கடைசி வரியாகச் சேர்த்துக்கொள்ளட்டும்.