ஸ்னூக்கர் ஆட்டத் தொழிலின் ஏற்றமும் இறக்கமும்

விளையாட்டையே ஜீவனோபாயமாகக் கொள்ளுதல் தகுமோ என்னும் வினா மாணவரிடையே அடிக்கடி எழுவதுண்டு. இதனை ஆராய்வார்க்கு ஸ்னூக்கர் நல்லதோர் உரைகல்லாகும். 1875-ம் ஆண்டில் ஜபல்பூரில் ஆங்கிலப் படையதிகாரிகளிடையே தோன்றி, நமது உதகமண்டலத்துச் சங்கத்தில் விதிகள் வரையப்பெற்ற இவ்வாட்டம், பின்னர் இங்கிலாந்தில் தொழிலாக வளர்ந்தது.

1927-ல் நடைபெற்ற முதல் உலகப் போட்டியில் வென்ற ஜோ டேவிஸ் பெற்ற பரிசு 6 பவுன் 10 ஷில்லிங். 2019-ல் வென்றவர் பெற்றதோ 5,00,000 பவுன். இதனைக் கேட்போர் இத்தொழிலைப் பொன் விளையும் பூமியென எண்ணுதல் இயல்பே. ஆயினும் மறுபுறத்தையும் நோக்குதல் வேண்டும்.

ஏனைய ஆட்டங்களில் எதிரியை ஓடியேனும் தடுக்கலாம். இதிலோ எதிரி பந்துகளை ஒவ்வொன்றாகப் பையில் வீழ்த்துங்கால், நாற்காலியில் வாளா அமர்ந்திருத்தலன்றிச் செய்யத்தக்கது யாதுமில்லை. ஜிம்மி ஒயிட் ஆறு முறை உலக இறுதிப் போட்டியை எய்தி, ஆறிலும் தோற்றார். 1994-ல் இருவரும் 17 ஆட்டங்கள் வென்று சமமாய் நின்றபோது, அவர் ஒரு கறுப்புப் பந்தைத் தவறவிட்டார். ஸ்டீபன் ஹெண்ட்ரி வெற்றியைக் கைக்கொண்டார். 1972-லும் 1982-லும் வாகை சூடிய அலெக்ஸ் ஹிக்கின்ஸ், ஈட்டிய பெரும்பொருளைக் குடியிலும் சூதிலும் இழந்து, 2010-ல் பெல்பாஸ்ட் நகரில் தனிமையில் மாண்டார்.

புகழ் பெற்றோர் நிலை இதுவாயின், பெறாதோர் நிலையைக் கூறவும் வேண்டுமோ! புதிதாய்ப் புகுவோர்க்கு இரண்டாண்டு அனுமதியே உண்டு. முதற்சுற்றில் தோற்றோர் வழிச்செலவுக்கும் வகையின்றித் திரும்பிய போட்டிகள் பல. 2023-ல் சீன ஆட்டக்காரர் பதின்மர் பந்தய முறைகேட்டின்பொருட்டு விலக்கப்பட்டனர். வறுமை குற்றத்திற்கு மன்னிப்பாகாது. எனினும் நிலையற்ற வருவாய் தீய இச்சைக்குக் கதவு திறக்கும் என்பது மறுக்கற்பாலதன்று.

ஒரு தொழிலின் மேன்மை, சிகரத்தில் நிற்பவனைக் கொண்டு அளக்கப்படுவதன்று. கடைநிலையிலுள்ளோன் மானத்தோடு வாழ இயலுமா என்பதைக் கொண்டே அளக்கப்படும். அவ்வகையில், பருவமொன்றுக்கு ஆட்டக்காரர் ஒவ்வொருவர்க்கும் 20,000 பவுன் உறுதிசெய்ய அதன் நிர்வாகிகள் 2022-ல் முற்பட்டது பாராட்டற்குரியது.

ஆதலின் மாணவ நண்பர்காள், விளையாட்டைத் தொழிலாகக் கொள்ள விழைவோர் தாராளமாய்க் கொள்க. ஆனால் பரிசுத் தொகையைக் கணக்கிடுமுன், தோற்ற நாளில் உண்பதற்கு வழி யாதென்று கணக்கிடுக. கோலைப் பிடிக்கப் பழகுதலினும், கலங்காது நாற்காலியில் அமர்ந்திருக்கப் பழகுதலே அரிது.