வெள்ளைக் கோடு நோயைத் தடுக்குமா?

ஊரில் வாந்திபேதி, காய்ச்சல் என்று பேச்சு எழுந்தால் போதும். பள்ளிக்கூட வாசலிலும் சாக்கடை ஓரத்திலும் பிளீச்சிங் பவுடரால் ஒரு வெள்ளைக் கோடு விழுந்துவிடும். மந்திரி வருகிறார் என்றாலும் அதே கோடுதான்! மைசூர் விஜயநகரில் குடியிருந்து ஹெப்பாள், மேட்டகள்ளி தொழிற்பேட்டைகளுக்கு வேலைக்குப் போகும் தமிழர்களும், 'மருந்து போட்டாயிற்று' என்ற நிம்மதியில்தான் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள்.

இந்த நிம்மதிக்கு ஆதாரம் மிகக் குறைவு. 2020-ல் கொரோனா பரவியபோது தெருத் தெருவாக மருந்து பீய்ச்சினார்கள். ஏப்ரல் தொடக்கத்தில் திருப்பூர் தென்னம்பாளையம் சந்தையில் கிருமிநாசினிச் சுரங்கமே அமைத்தார்கள். மற்ற ஊர்களும் அதைப் பின்பற்றின. மார்ச் இறுதியில் உத்தரப் பிரதேசத்தின் பரேலியில் நடந்ததோ வெட்கக்கேடு. பிழைப்பு தேடிப் போய் ஊர் திரும்பிய கூலித் தொழிலாளர்களைப் பெண்டு பிள்ளைகளோடு சாலையில் உட்காரவைத்து, அவர்கள் மீதே சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலை அடித்தார்கள். பஸ்ஸைக் கழுவும் மருந்தை மனிதர் மீது கொட்டலாம் என்று தோன்றியதற்கு, அவர்கள் வெளியூர் சென்ற ஏழைகள் என்பதைத் தவிர வேறு காரணம் என்ன?

ஏப்ரல் 18-ந் தேதி மத்திய சுகாதார அமைச்சகம், மனிதர் மீது மருந்து தெளிப்பது கூடாது, அதனால் பயனும் இல்லை என்று அறிவித்தது. தெருக்களிலும் சந்தைகளிலும் தெளிப்பது வீண் என்று மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனமும் சொன்னது. தூசியும் அழுக்கும் பட்டால் குளோரின் தன் சக்தியை அங்கேயே செலவழித்துவிடுகிறது. மண் தரையில் தூவிய பவுடரின் கதையும் இதுதான்.

மைசூருக்கு இந்தப் பாடம் புதிதல்ல. 1898-ல் சமஸ்தானத்தில் பிளேக் புகுந்தது. அந்த ஆண்டுகளில் பம்பாயில் வீடு வீடாகக் கார்பாலிக் அமிலம் தெளித்தும் பிளேக் அடங்கவில்லை. நோயைச் சுமந்தது சுவரல்ல, எலியின் உடம்பில் இருந்த தெள்ளுப்பூச்சி. மைசூரில் 1903-ல் நகர அபிவிருத்தி டிரஸ்ட் போர்டு அமைத்து, நெரிசலைக் குறைக்கும் வேலையிலும் வடிகால், அகலத் தெரு, காற்றோட்டமான புதுப் பேட்டைகள் அமைக்கும் வேலையிலும் இறங்கினார்கள். பின்னாளில் அந்த வழியில் எழுந்த பேட்டைகளில் ஒன்றுதான் விஜயநகர்.

கிருமிநாசினியே வேண்டாம் என்பதல்ல வாதம். கக்கூஸ், குழாய்த் திருகு, கதவுப் பிடி, பிள்ளை வாந்தி எடுத்த இடம் ஆகியவற்றுக்கு அது அவசியம் வேண்டும். முதலில் சோப்புத் தண்ணீரால் அழுக்கை எடுத்துவிட்டு, பிறகு கரைசலைத் தடவிப் பத்து நிமிடம் ஈரமாக விட வேண்டும். 33 சதவீத குளோரின் உள்ள புதிய பவுடரானால் லிட்டருக்கு 30 கிராம் போட்டால் ஒரு சதவீதக் கரைசல் கிடைக்கும். மூட்டை பிரித்து மாதக்கணக்கில் கிடந்த பவுடருக்கு அந்த வீரியம் இராது. கக்கூஸ் கழுவும் ஆசிட்டோடு இதைக் கலந்தால் விஷவாயு கிளம்பும். அந்த ஆபத்தில் முதலில் சிக்குபவர் கையுறைகூட இல்லாத துப்புரவுத் தொழிலாளி. அவருக்கு இதையெல்லாம் யார் சொல்லிக்கொடுக்கிறார்கள்?

ஆனால் பள்ளிப் பிள்ளைகளுக்கு வரும் நோய்களில் பெரும்பாலானவற்றுக்குப் பவுடர் பதில் சொல்லாது. சளிக் காய்ச்சல் அடைத்த வகுப்பறைக் காற்றில் பரவுகிறது. ஜன்னலைத் திறப்பதுதான் அதற்கு மருந்து. டெங்குக் கொசு தொட்டியிலும் பூந்தட்டிலும் தேங்கிய நல்ல தண்ணீரில் வளர்கிறது. வாந்திபேதிக்குக் காரணம் தண்ணீரும் கையும். 2024 மே மாதத்தில் மைசூரை அடுத்த சாலுண்டியில் கெட்டுப்போன குடிநீரால் பலர் நோயில் விழுந்தார்கள். ஓர் இளைஞர் உயிரிழந்தார். தெருவெல்லாம் பவுடர் தூவியிருந்தாலும் அந்த உயிர் பிழைத்திராது.

ஆகவே பெற்றோர் பார்க்க வேண்டியது வாசல் கோட்டையல்ல. மதிய உணவுக்கு முன் கை கழுவத் தண்ணீரும் சோப்பும் இருக்கிறதா, தண்ணீர்த் தொட்டியைக் கடைசியாகக் கழுவியது எப்போது, பெண் பிள்ளைகளின் கக்கூஸுக்குத் தாழ்ப்பாள் உண்டா என்பவற்றை விசாரிக்க வேண்டும். கர்நாடக அரசுப் பள்ளிகளில் பெற்றோர் அங்கம் வகிக்கும் மேற்பார்வைக் குழு இருக்கிறது. பாஷை தெரியாதே என்று தமிழ்ப் பெற்றோர் பலர் அந்தப் பக்கம் போகக் கூசுகிறார்கள். 'நல்லியல்லி நீரு பருத்தா?' என்று கேட்க எத்தனை கன்னடம் வேண்டும்?